சேர்த்து வைக்க வேண்டிய இரண்டு சரத்துகள்: சரிதா வழக்கை மறுபடி படித்தபோது

ரெண்டு வருஷம் முன்னால், ஒரு சனிக்கிழமை காலை. மந்தைவெளியில் இருக்கும் சித்தி வீட்டிலிருந்து போன். சித்தி மகள்தான் பேசினாள். "அண்ணா, கோர்ட்ல இருந்து நோட்டீஸ் வந்திருக்கு. என்னோட சேர்ந்து வாழணும்னு அவர் கேஸ் போட்டிருக்காராம். வெளிய போன்னு சொன்னதே அவர்தானே?"

அவள் ஜீவனாம்சம் கேட்டு மனு போட்டு ஆறு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. அதற்குப் பதிலாக வந்ததுதான் இந்த நோட்டீஸ். இந்து திருமணச் சட்டம், 1955, பிரிவு 9. வக்கீல்கள் ஆர்.சி.ஆர். என்பார்கள். தமிழில் தாம்பத்திய உரிமை மீட்பு மனு. நியாயமான காரணம் இல்லாமல் கணவனோ மனைவியோ பிரிந்து போய்விட்டால், திரும்பி வந்து சேர்ந்து வாழும்படி கோர்ட் உத்தரவு போடலாம். மனுவைப் படித்தால் கண் கலங்கும், அவ்வளவு பாசமாக எழுதியிருந்தார்கள். அத்தனை மாதத்தில் அந்த வீட்டிலிருந்து ஒரு போன்கூட அவளுக்கு வந்ததில்லை என்பது மனுவில் இல்லை.

நான் வக்கீல் இல்லை. பி.ஈ. முடித்து இருபது வருஷத்துக்கு மேல் சாஃப்ட்வேர் எழுதுகிறவன். புரியாத சிஸ்டம் ஒன்று கையில் மாட்டினால், அதை யார் எப்போது ஏன் எழுதினார்கள் என்று பழைய லாக்குகளைத் தோண்டுவது பழக்கம். பிரிவு 9-ஐயும் அப்படித்தான் தோண்ட ஆரம்பித்தேன். தோண்டினதில் கிடைத்த முதல் ஆச்சரியம்: இந்தப் பிரிவு ஒரு முறை செத்துப்போயிருக்கிறது. 1983-ல் ஆந்திர உயர் நீதிமன்றம் அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று ரத்து செய்தது. 1984-ல் உச்ச நீதிமன்றம் உயிர் கொடுத்தது. அந்த வழக்கைக் கொண்டுபோனவர் நமக்கெல்லாம் தெரிந்த நடிகை சரிதா.

இந்தப் பதிவு அந்தத் தீர்ப்புகளைப் பற்றிய என் விமர்சனம். என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடும்பச் சட்டத்தில் சமத்துவம் (சரத்து 14), தனிமனித சுதந்திரம் (சரத்து 21) இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே தோற்கும். சேர்த்துப் பார்த்தால்தான் ஒன்றின் ஓட்டையை இன்னொன்று அடைக்கும். சரிதா தீர்ப்பு சேர்த்துப் பார்த்தது. அதை மாற்றிய தீர்ப்புகள் பிரித்துப் பார்த்தன. ஆர்.சி.ஆர். பிழைத்தது அதனால்தான்.

மயிலாப்பூர்க்காரர் வேண்டாம் என்ற வார்த்தை

முதலில் இந்த இரண்டு சரத்துகளின் பூர்வீகம்.

சரத்து 14-ல் இரண்டு பாதி இருக்கிறது. "சட்டத்தின் முன் சமம்" என்பது இங்கிலாந்து வழி வந்தது. "சட்டங்களின் சமப் பாதுகாப்பு" என்பது அமெரிக்க அரசியல் சாசனத்தின் 14-வது திருத்தத்திலிருந்து எடுத்தது. அதே அமெரிக்கத் திருத்தத்தில் பக்கத்திலேயே இன்னொரு வாசகம் உண்டு: "ட்யூ ப்ராசஸ்". உரிய சட்ட முறை இல்லாமல் யாருடைய உயிரையும் சுதந்திரத்தையும் சொத்தையும் பறிக்கக் கூடாது என்பது. நாம் முதலாவதை எடுத்துக்கொண்டோம், இரண்டாவதை விட்டுவிட்டோம்.

விட்டது மறதியில் இல்லை. சாசனத்தின் ஆலோசகர் பி.என். ராவ் அமெரிக்கா போனபோது நீதிபதி ஃபெலிக்ஸ் ஃப்ராங்க்ஃபர்ட்டரைச் சந்தித்தார். அந்த வாசகம் நீதிபதிகள் கையில் அளவுக்கு மீறிய அதிகாரத்தைக் கொடுத்துவிடும், சேர்க்காதீர்கள் என்பது ஃப்ராங்க்ஃபர்ட்டரின் யோசனை. வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி அய்யர், நம்ம மயிலாப்பூர்க்காரர், 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் இதே பக்கம் நின்றார். அமெரிக்க கோர்ட்டுகள் இதை வைத்துக்கொண்டு தொழிலாளர் நலச் சட்டங்களை எல்லாம் அடித்துத் தள்ளியதைப் பார்த்தவர் அவர். கே.எம். முன்ஷி மாதிரி சிலர் எதிர்த்தார்கள், எடுபடவில்லை. கடைசியில் சரத்து 21-ல் நின்றது "சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறை". அதாவது ஒரு சட்டம் இருக்கிறதா, அதில் சொன்னபடி செய்தீர்களா, அவ்வளவுதான் கேள்வி. அந்தச் சட்டம் நியாயமானதா என்ற கேள்வி கிடையாது.

இதன் முதல் பெரிய பரீட்சையும் மெட்ராஸ் சம்பந்தப்பட்டதுதான்: ஏ.கே. கோபாலன் எதிர் மெட்ராஸ் மாகாணம், 1950. தடுப்புக் காவலில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவருக்காக வாதாடியவர் எம்.கே. நம்பியார். பெரும்பான்மை நீதிபதிகள் ஒவ்வொரு சரத்தும் தனித்தனி அறை என்றார்கள். சிறையில் வைத்தால் 21-ஐ மட்டும் பார், வேறு அறைக் கதவைத் தட்டாதே. நீதிபதி ஃபஸல் அலி ஒருவர்தான் அறைகளுக்கு நடுவே சுவர் இல்லை என்று மாறுபட்டு எழுதினார்.

அந்த மாறுபட்ட குரல் சட்டமாக 28 வருஷம் ஆனது. 1978 ஜனவரியில் மேனகா காந்தி பாஸ்போர்ட் வழக்கு. ஒருவருடைய சுதந்திரத்தைப் பறிக்கும் நடைமுறை நியாயமாக இருக்க வேண்டும், தான்தோன்றித்தனமாக இருக்கக் கூடாது. தான்தோன்றித்தனம் சமத்துவத்துக்கு எதிரி, ஆகவே 14-ம் 19-ம் 21-ம் சேர்த்தே படிக்கப்பட வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 1948-ல் வாசலில் நிறுத்தப்பட்ட ட்யூ ப்ராசஸ் கொல்லைப்புறம் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. அல்லாடி பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

மேனகா வழக்கு நடந்தது ஒரு குடிமகளுக்கும் அரசுக்கும் நடுவில். வீட்டுக்குள் இது செல்லுமா? அடுத்த ஐந்து வருஷத்தில் அந்தக் கேள்வி வந்தது.

மெட்ராஸ் பள்ளி மாணவி

தீர்ப்பில் உள்ள கதை இது. மெட்ராஸில் ஹைஸ்கூல் படித்துக்கொண்டிருந்த, சுமார் 16 வயதுப் பெண்ணுக்குத் திருப்பதியில் 1975 டிசம்பர் 13-ல் கல்யாணம் நடந்ததாகச் சொல்லப்படுகிறது. கிட்டத்தட்ட உடனேயே இருவரும் பிரிந்துவிடுகிறார்கள். அந்தப் பெண் நடிக்க வருகிறார். 1978-ல் 'மரோ சரித்ரா', 'தப்புத் தாளங்கள்', 1981-ல் 'தண்ணீர் தண்ணீர்'. மூன்றும் பாலசந்தர் படங்கள். பிரிந்து ஐந்து வருஷத்துக்கு மேல் ஆன நிலையில், கடப்பா சப் கோர்ட்டில் பிரிவு 9-ன் கீழ் ஒரு மனு. மனைவி திரும்பி வர வேண்டும்.

கடப்பா கோர்ட்டுக்கு இதை விசாரிக்க அதிகாரம் இல்லை என்று சரிதா தரப்பு வாதாடித் தோற்றது, மேல்முறையாக உயர் நீதிமன்றம் போனது. எல்லை பற்றிய ஒரு சாதாரண சண்டை. ஆனால் பிரிவு 9 சாசனப்படியே செல்லாது என்ற வாதமும் அங்கே சேர்ந்தது. 1983 ஜூலை 1-ல் நீதிபதி பி.ஏ. சௌத்ரி அதை ஏற்றுக்கொண்டார்.

அவர் வாதத்தை என் வார்த்தையில் சுருக்குகிறேன். முதல் படி, 21. மனமில்லாத ஒருவரை இன்னொருவரோடு வாழ் என்று கோர்ட் சொன்னால், தன் உடம்பை யார் தொடலாம், தான் எப்போது பிள்ளை பெறலாம் என்ற முடிவு அவரிடமிருந்து பறிக்கப்படுகிறது. பறிப்பது கணவன் இல்லை, அரசு. மனித கண்ணியமும் அந்தரங்கமும் 21-ல் அடக்கம்; அதற்கு 1975-ன் கோபிந்த் வழக்கைத் துணைக்கு எடுத்துக்கொண்டார்.

இரண்டாம் படி, 14. சட்டம் கணவன் மனைவி இருவருக்கும் ஒரே மாதிரிதான் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் நம் சமூகத்தில் இதை யார் யார்மேல் பயன்படுத்துகிறார்கள்? விளைவை யார் சுமக்கிறார்கள்? கர்ப்பம் ஒருவருக்குத்தான் வரும். நிஜத்தில் சமமாக இல்லாதவர்களை ஏட்டில் சமமாக நடத்தினால் அது சமத்துவம் ஆகாது. இதனால் ஏதாவது பொது நன்மை உண்டா என்றும் கேட்டு, இல்லை என்று முடித்தார்.

எனக்கு இதில் பிடித்தது முடிவு மட்டும் இல்லை, இரண்டு படிகளும் இணையும் விதம். 21 மட்டும் வைத்து வாதாடியிருந்தால் "கணவனுக்கும் இதே நிலைதானே, இருவர் சுதந்திரமும் கொஞ்சம் போகிறது" என்று ஒரு பதில் வரும். 14 மட்டும் வைத்து வாதாடியிருந்தால் "சட்டம் இருவருக்கும் பொதுதானே" என்று கதவு சாத்திவிடும். 'என்ன பறிபோகிறது' என்பதை 21 சொல்கிறது. 'யாரிடமிருந்து பறிபோகிறது' என்பதை 14 சொல்கிறது. இரண்டும் வந்தால்தான் படம் முழுசாகும்.

இந்த நிவாரணம் எங்கிருந்து வந்தது என்பதும் முக்கியம். நம் ஊர்ச் சரக்கே இல்லை. இங்கிலாந்தின் தேவாலய நீதிமன்றங்களிலிருந்து வந்தது. 1885-ல் பம்பாயில் ருக்மாபாய் வழக்கில் நீதிபதி பின்ஹே, இந்து சட்டத்தில் இதற்கு வேர் கிடையாது என்று சொல்லி வழக்கைத் தள்ளினார். மேல்முறையீட்டில் அது மாறி, 1887-ல் "கணவனோடு போ, இல்லாவிட்டால் ஆறு மாதம் ஜெயில்" என்று உத்தரவானது. 11 வயதில் கல்யாணம் செய்துவைக்கப்பட்ட ருக்மாபாய், ஜெயிலுக்கே போகிறேன் என்றார். கடைசியில் பணம் கொடுத்து சமரசம் ஆகி, அவர் லண்டன் போய் மருத்துவம் படித்துத் திரும்பினார். ஏற்றுமதி செய்த இங்கிலாந்து 1970-ல் சட்டம் போட்டு இதைத் தூக்கி எறிந்துவிட்டது. நாம் வைத்திருக்கிறோம்.

பீங்கான் கடையும் மாடும்

சரிதா தீர்ப்பு வந்த சில மாதங்களில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஹர்விந்தர் கௌர் வழக்கு. நீதிபதி அவத் பிகாரி ரோஹத்கி நேர் எதிராகப் போனார். குடும்ப வாழ்க்கைக்குள் அரசியல் சாசனத்தைக் கொண்டுவருவது பீங்கான் கடைக்குள் மாட்டை ஓட்டிவிடுவது மாதிரி என்றார். வீட்டின் அந்தரங்கத்தில் 14-க்கும் 21-க்கும் இடமில்லை என்பது அவர் முடிவு. இந்த உவமை இன்றுவரை சட்டக் கல்லூரிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது.

உவமையைக் கொஞ்சம் ஓட்டிப் பார்ப்போம். பிரிவு 9 மனு என்பது என்ன? வீட்டுக்குள் நடக்கும் பேச்சா? கணவன் வீட்டை விட்டு வெளியே வந்து, கோர்ட் ஃபீஸ் கட்டி, அரசாங்க முத்திரை குத்திய நோட்டீஸை அனுப்பச் சொல்கிறார். அதாவது மாட்டைக் கடைக்குள் ஓட்டிக்கொண்டு போனவர் மனு போட்டவர். மாடு உள்ளே போன பிறகு "மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போடுங்கள்" என்று கேட்கிற பெண்ணைப் பார்த்து, கடைக்குள் கயிறெல்லாம் கொண்டுவரக் கூடாது என்கிறது தீர்ப்பு.

அந்தரங்கம் என்ற ஒரே சொல்லை இரண்டு தீர்ப்புகளும் பயன்படுத்தின என்பதுதான் வேடிக்கை. சௌத்ரிக்கு அந்தரங்கம் என்பது ஆளுடையது. ரோஹத்கிக்கு அது வீட்டுடையது. வீட்டுக்கு அந்தரங்கம் கொடுத்தால், அந்த வீட்டில் யார் கை ஓங்கியிருக்கிறதோ அவருக்குத்தான் அது போய்ச் சேரும். 14 பக்கத்தில் இல்லாத 21 இப்படித்தான் முடியும்.

சமத்துவ வாதத்துக்கும் அவர் பதில் வைத்திருந்தார். 1964 திருத்தத்துக்குப் பிறகு கணவன் மனைவி யார் வேண்டுமானாலும் இந்த உத்தரவை வைத்து விவாகரத்து கேட்கலாம், ஆகவே முழு சமத்துவம். ஏட்டில் சரிதான். சௌத்ரி கேட்டது ஏட்டைப் பற்றி இல்லை.

ஆனால் ஒரு இடத்தில் ரோஹத்கி சொன்னதில் நியாயம் உண்டு. சரிதா தீர்ப்பு உடலுறவு என்ற ஒன்றின் மேலேயே கிட்டத்தட்ட முழு பாரத்தையும் ஏற்றியது. சேர்ந்து வாழ்வது என்றால் அது மட்டும் இல்லை, கோர்ட் யாரையும் படுக்கைக்கு இழுத்துப்போகவும் இல்லை என்று டெல்லி சொன்னபோது சரிதா தீர்ப்பின் முக்கியத் தூண் ஆட்டம் கண்டது. சௌத்ரியின் குறை என்று நான் நினைப்பது இதைத்தான். ஒரு கோர்வையான, உணர்ச்சிகரமான வாதத்தை எழுதினார். பிரிவு 9 தினசரி கோர்ட்டில் எப்படி வேலை செய்கிறது என்ற வறட்டுக் கணக்கை அதே அளவுக்கு முன்னால் வைக்கவில்லை. உண்மையான பலம் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

உச்ச நீதிமன்றம் கேட்காத கேள்வி

1984 ஆகஸ்ட் 8. சரோஜ் ராணி எதிர் சுதர்சன் குமார் சட்டா. நீதிபதி சப்யசாச்சி முகர்ஜி தீர்ப்பு எழுதினார். டெல்லி சொன்னது சரி, ஆந்திரா சொன்னது தவறு. தாம்பத்திய உரிமை மீட்பு என்பது கல்யாணம் உடைவதைத் தடுக்க உதவும் சமூக நோக்கம் கொண்டது. உத்தரவை மீறினால் சிறை கிடையாது, சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 21, விதி 32-ன்படி சொத்து ஜப்தி மட்டும்தான். ஆகவே 14-ம் மீறப்படவில்லை, 21-ம் மீறப்படவில்லை.

இப்போது அந்த வழக்கின் நிகழ்வுகளைப் பாருங்கள். 1977-ல் ஜலந்தரில் பிரிவு 9 மனு போட்டவர் மனைவி. கணவர் எதிர்க்கவில்லை, 1978 மார்ச்சில் உத்தரவு ஆகிவிட்டது. ஒரு வருஷம் கழிந்தது. "உத்தரவுக்குப் பிறகும் நாங்கள் சேர்ந்து வாழவில்லை, ஆகவே விவாகரத்து கொடுங்கள்" என்று 1979 ஏப்ரலில் மனு போட்டவர் கணவர். பிரிவு 13(1A)-ன்படி அது செல்லும். விவாகரத்து கிடைத்தது, உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது.

கல்யாணத்தைக் காப்பாற்ற என்று சொல்லி ஒரு பிரிவைத் தூக்கி நிறுத்திய அதே தீர்ப்பில், அந்தப் பிரிவு விவாகரத்துக்கு ஏணியாகப் பயன்பட்டிருக்கிறது. ஒரு ஃபங்ஷனுக்கு "சேவ்" என்று பெயர் வைத்துவிட்டு உள்ளே டெலீட் பண்ணுகிற கோடு எழுதினால் என் டீமில் ரிவ்யூ தாண்டாது. கோர்ட் பெயரைப் படித்தது, உள்ளே நடப்பதைப் படிக்கவில்லை.

உள்ளே என்ன நடக்கிறது? மூன்று விஷயம்.

ஒன்று, ஜப்தி. சொந்தமாக சொத்தோ சம்பளமோ இருப்பவர்மேல்தான் ஜப்தி கடிக்கும். இதைப் பார்த்தால் பெண்ணுக்கு பாதகம் இல்லை என்றுகூடத் தோன்றும்.

இரண்டு, ஜீவனாம்சம். பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 125(4), போதிய காரணம் இல்லாமல் கணவனோடு வாழ மறுக்கும் மனைவிக்கு ஜீவனாம்சம் கிடையாது என்றது. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் பிரிவு 144-லும் இது அப்படியே இருக்கிறது. ஆக, மனைவி ஜீவனாம்சம் கேட்ட கையோடு கணவன் ஆர்.சி.ஆர். போட்டால், "நான் கூப்பிடுகிறேன், அவள்தான் வரவில்லை" என்று காகிதத்தில் ஒரு சாட்சி தயார். உத்தரவு கிடைத்தால் இன்னும் வசதி. சிறை இல்லை, ஜப்தி மட்டும்தான் என்று 1984-ல் சொன்ன சமாதானம் இங்கே உடைகிறது. சாப்பாட்டுக்கு வழி அடைபட்டால் அது ஜப்தியைவிடப் பெரிய தண்டனை.

மூன்று, விவாகரத்து. ஒரு வருஷம் காத்திருந்தால் கதவு திறக்கும். யார் காத்திருக்க முடியும்? செலவுக்குப் பணம் இருப்பவர்.

இதில் எது 14, எது 21? பிரித்துப் பார்க்க முடியாது என்பதுதான் என் வாதம். ஜீவனாம்சத்தை இழக்கும் பயத்தில் ஒரு பெண் திரும்பிப் போனால் அவள் சுதந்திரம் போனது; அது 21. அந்த பயம் கணவனுக்கு வராது, ஏனென்றால் 125 அவருக்கு ஓடாது, அது 14. ஒரே கயிற்றின் இரண்டு புரி. சரோஜ் ராணி தீர்ப்பு இரண்டு சரத்துக்கும் ஒரே பதிலைக் கொடுத்துவிட்டு நகர்ந்தது. கோபாலன் காலத்து தனி அறைப் பார்வை 1978-லேயே போய்விட்டது என்று நினைத்தோம். குடும்பச் சட்டத்தில் அது ஆறு வருஷம் கழித்தும் உயிரோடு இருந்திருக்கிறது.

அதே தையல், வேறு துணிகள்

இது ஆர்.சி.ஆருக்கு மட்டும் உள்ள பிரச்சனை இல்லை. அமெரிக்காவில் 1967-ல் வேறு இனத்தவரை மணப்பதற்கான தடையை லவிங் வழக்கில் உடைத்தபோது அந்த நீதிமன்றம் சமப் பாதுகாப்பு, ட்யூ ப்ராசஸ் இரண்டையும் காரணமாகச் சொன்னது. 2015-ல் ஒரே பால் திருமணத்தை அங்கீகரித்த ஒபர்கெஃபெல் தீர்ப்பில் நீதிபதி கென்னடி, இரண்டும் ஒன்றை ஒன்று விளக்கும் என்றே எழுதினார்.

நம் ஊரில் 2017-ன் புட்டசாமி தீர்ப்பு, அந்தரங்கம் ஆளுடையது என்று தெளிவாகச் சொல்லி, வீட்டுக்குள் நடக்கும் ஆதிக்கத்தை மூடும் போர்வையாக அது ஆகக் கூடாது என்றும் எச்சரித்தது. அடுத்த வருஷம் ஜோசப் ஷைன் வழக்கில் பிரிவு 497, அதாவது மனைவியைக் கணவனின் உடைமையாகப் பார்த்த கள்ள உறவுச் சட்டம், 14, 15, 21 மூன்றையும் சேர்த்து வைத்து ரத்து செய்யப்பட்டது. அதில் நீதிபதி சந்திரசூட் சரிதா தீர்ப்பை எடுத்துப் பேசுகிறார். 34 வருஷத்துக்கு முன் தள்ளப்பட்ட தீர்ப்புக்குக் கிடைத்த மரியாதை.

நம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையிலும் ஒரு நல்ல உதாரணம் உண்டு. 2019 ஏப்ரலில் அருண்குமார் வழக்கு. தூத்துக்குடியில் ஒரு திருநங்கையின் கல்யாணத்தைப் பதிவு செய்ய அதிகாரிகள் மறுத்தார்கள். இந்து திருமணச் சட்டத்தில் 'மணமகள்' என்ற சொல்லில் திருநங்கையும் அடக்கம் என்றார் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன். தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமை 21-ல் வருகிறது. அப்படிச் சொன்னவரை மற்ற பெண்களைப் போலவே நடத்து என்பது 14-ல் வருகிறது. ஒன்றில்லாமல் மற்றொன்று அந்தப் பெண்ணைப் பதிவாளர் மேஜை வரைகூடக் கொண்டுபோயிருக்காது.

பிரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2023 அக்டோபரின் சுப்ரியோ தீர்ப்பு. திருமணம் செய்வது அடிப்படை உரிமை இல்லை என்றதும் 21 வாதம் விழுந்தது. சிறப்புத் திருமணச் சட்டம் மத வேறுபாட்டைத் தாண்டி ஆணும் பெண்ணும் மணக்க எழுதப்பட்டது, அந்த நோக்கத்தில் பாரபட்சம் இல்லை என்றதும் 14 வாதமும் விழுந்தது. ஆனால் பெரும்பான்மைத் தரப்பின் நீதிபதி பட், கல்யாணத்தோடு ஒட்டி வரும் பலன்கள் ஒரே பால் இணையர்களுக்குக் கிடைக்காமல் போவதில் பாதிப்பு இருப்பதை ஒப்புக்கொள்கிறார். அதற்கு ஒரு கமிட்டி போடச் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறார். பாதிப்பு தெரிகிறது, அதை வைத்து நோக்கத்தை மறுபடி சோதிக்கவில்லை. 1984-ன் அதே பழக்கம்.

எதிர்க்கேள்வி ஒன்று

நியாயமான கேள்வி ஒன்று உண்டு. வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட மனைவிக்கும் பிரிவு 9 ஒரு ஆயுதம்தானே? சரோஜ் ராணியே அதைத்தானே போட்டார்?

ஆமாம், போட்டார். கிடைத்தது விவாகரத்து. அப்படித் துரத்தப்பட்டவருக்கு இன்று வேறு வழி இருக்கிறது. 2005-ன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், பிரிவு 17, 19. பகிர்ந்து வாழ்ந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை. அது கொடுப்பது கூரையை. 'இந்த ஆளோடு வாழ்' என்று யாரையும் சொல்வதில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரிது.

2019-ல் குஜராத் சட்டப் பல்கலைக்கழக மாணவர்கள் பிரிவு 9-ஐ எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார்கள். நான் இதை எழுதும் வரை சரோஜ் ராணி தீர்ப்புதான் சட்டம். நடுவில் ஒரு சின்ன ஆறுதல்: 2025 ஜனவரியில் ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு வழக்கில், ஆர்.சி.ஆர். உத்தரவை மனைவி மதிக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஜீவனாம்சத்தை மறுக்க முடியாது, அவள் ஏன் போகவில்லை என்று பார்க்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். அந்த வீட்டில் அவளைக் கழிப்பறையையும் காஸ் அடுப்பையும் பயன்படுத்த விடவில்லை என்பது தீர்ப்பில் இருக்கிறது. அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் திரும்பிப் போ என்று ஒரு கோர்ட் உத்தரவு இருந்தது. நல்ல தீர்ப்புதான். ஆனால் அரசியல் சாசனம் பற்றிப் பேசவில்லை. ஒரு உபபிரிவுக்கு விளக்கம் சொன்னது. பேட்ச் போட்டிருக்கிறார்கள், பக் அப்படியே இருக்கிறது.

என் தங்கை கேஸ் என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஹைகோர்ட் வளாகத்தில் இருக்கிற குடும்ப நல நீதிமன்றத்துக்கு நானும் சில தடவை துணைக்குப் போனேன். கவுன்சலிங் முடிந்து வெளியே வந்து மர நிழலில் நின்றபோது அவள் சொன்னாள்: "அவருக்கு நான் வேணாம்ணா. நான் வரலைன்னு ஒரு பேப்பர் வேணும், அவ்வளவுதான்." சமரசத்தில் முடித்துக்கொண்டார்கள். அவள் கேட்டதில் பாதிக்கும் கீழேதான் கிடைத்தது. இழுத்தடிக்க அவளுக்குத் தெம்பு இல்லை.

நாலு தீர்ப்பையும் நூற்றுக்கணக்கான பக்கத்தையும் படித்துவிட்டு நான் வந்து சேர்ந்த இடத்துக்கு, அவள் ஒரு வரியில் வந்துவிட்டாள். அடுத்த தடவை இந்தக் கேள்வி அரசியல் சாசன அமர்வு முன் வந்தால், இந்தப் பிரிவின் நோக்கம் என்ன என்று கேட்பதோடு நிற்காமல், இந்தக் காகிதம் யார் கையில் போய் என்ன வேலை செய்கிறது என்றும் கேட்பார்கள் என்று நம்புகிறேன். அந்தக் கேள்வியை 14 தனியாகவும் கேட்காது, 21 தனியாகவும் கேட்காது.

சட்டம் படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், தப்பு இருக்கிற இடத்தைச் சொல்லுங்கள். திருத்திக்கொள்கிறேன்.